சைசா ப்ளஸ்ஸும் கும்பகோணத்துப் பிரிண்டரும்

நாலு மாசமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கமான காரணத்தைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் இந்த முறை நிஜமான காரணம் வேறு. படித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில், பி.காம். முடித்து இருபத்தைந்து வருஷம் கழித்து, கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பரீட்சைக்கு!

பரீட்சையின் பெயர் காம்ப்டியா சைபர்செக்யூரிட்டி அனலிஸ்ட் ப்ளஸ். சுருக்கமாக சைசா ப்ளஸ். கிளாஸுக்கும் பரீட்சைக்கும் சேர்த்து நான் கட்டிய தொகையைக் கேட்டதிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் பைசா ப்ளஸ். "ஏங்க, இன்னைக்கு பைசா ப்ளஸ் உண்டா, இல்லே சீக்கிரம் சாப்பிடலாமா?" என்பதுதான் கடந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் மயூர் விஹார் வீட்டின் மாலை நேரக் கேள்வி.

எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன் கொஞ்சம் பின்கதை.

போன வருஷம் என்னைத் தில்லியிலேயே ஒரு கிளையிலிருந்து எடுத்து சைபர் பாதுகாப்புப் பிரிவில் போட்டார்கள். அங்கே இருபத்துநாலு மணி நேரமும் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் எங்கள் வங்கி ஊழியர்கள் இல்லை. ஒப்பந்தக் கம்பெனி அனுப்பியவர்கள். பீகார், கட்வால், ஒன்றிரண்டு பேர் ஒடிசா. எல்லாம் இருபத்தைந்து வயதுக்குள். நல்ல பையன்கள். தினமும் காலையில் நேற்று வந்த எச்சரிக்கைகள் எத்தனை, மூடியவை எத்தனை, நிலுவை எத்தனை என்று ஒரு அறிக்கை வரும். அதன் அடியில் வங்கி அதிகாரி கையெழுத்து போட வேண்டும். அந்த அதிகாரி அடியேன்.

முதல் வாரமே அந்த அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். எழுத்து எல்லாம் இங்கிலீஷ்தான். ஒரு வரி புரியவில்லை.

நான் 2003-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, கைநாட்டு வைக்கும் வாடிக்கையாளர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களிடம் எந்தக் காகிதத்தில் பெருவிரல் ரேகை வாங்கினாலும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படித்துக் காட்டி, "படித்துக் காட்டி விளக்கப்பட்டது" என்று நாங்கள் எழுதிக் கையெழுத்து போட வேண்டும். கடன் பத்திரம் நாலு பக்கம் என்றாலும் படிக்கத்தான் வேண்டும். எங்கள் மேனேஜர் அதில் ரொம்பக் கறார். "தெரியாத காகிதத்துல கை வைக்கிற ஆளுக்கு நாமதான்யா கண்ணு" என்பார். இப்போது அந்தக் கைநாட்டு இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், எனக்குப் படித்துக் காட்ட யாரும் இல்லை. அந்த வாரமே கிளாஸைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

வங்கிகளில் இப்படி ஒரு பிரிவு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 2-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கிகளில் சைபர் பாதுகாப்புக்கென்று இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த தனிக் கொள்கை வேண்டும், இடைவிடாமல் கண்காணிக்கும் மையம் வேண்டும், ஏதாவது நடந்தால் சில மணி நேரத்துக்குள் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் வங்கதேசத்தின் மத்திய வங்கியில் ஒரு பெரிய திருட்டு நடந்திருந்தது. அதற்குப் பிறகு வரலாம்.

சரி, கிளாஸ். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பதிவு செய்த வீடியோக்கள். விலை மலிவு, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். (எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதை எப்போதும் பார்ப்பதில்லை என்றும் படிக்கலாம்.) இன்னொன்று, வாத்தியார் நேரலையில் வந்து எடுப்பது. நாலைந்து மடங்கு விலை. நான் இரண்டாவதில் சேர்ந்தேன். திங்கள் முதல் வியாழன் வரை, இரவு எட்டிலிருந்து பத்து. வாத்தியார் ஹைதராபாத்காரர், பதினைந்து வருஷம் இதே வேலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். மாணவர்கள் பதினாலு பேர். என்னைத் தவிர எல்லாரும் பி.டெக். அல்லது எம்.சி.ஏ.

நவம்பரில் தில்லிக் காற்று மோசமாகி பள்ளிக்கூடங்களை மூடி ஆன்லைனுக்கு மாற்றினார்களே, அப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பகலெல்லாம் எட்டாம் வகுப்பு, ராத்திரி சைசா ப்ளஸ். "அப்பா, கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்காதே, மிஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்று மகள் எனக்கு அனுபவஸ்தி போல அறிவுரை சொன்னாள். கல்யாண சீசன் வேறு. எட்டரை மணிக்கு நான் மைக்கைத் திறந்தால், கீழே தெருவில் குதிரை மேல் மாப்பிள்ளையும் பேண்டு செட்டும் போகும். பதினாலு பேரும் ஹைதராபாத் வாத்தியாரும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள் :-)

முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டம். போர்ட் நம்பர், சப்நெட், பதினாறின் அடிமான எண்கள். பாதி ராத்திரிக்கு எழுந்து போர்ட் நம்பர்களை மனப்பாடம் செய்தேன். அதெல்லாம் சுவாரசியமில்லாத கதை, விட்டுவிடுவோம்.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் நடந்தது. வாத்தியார் திரையில் ஒரு ஃபயர்வால் பதிவேட்டைப் போட்டார். லாக் என்பார்களே, அது. எந்த மெஷின், எந்த நேரத்தில், வெளியே எந்த முகவரிக்கு, எவ்வளவு டேட்டா அனுப்பியது என்று ஆயிரக்கணக்கான வரிகள். "இதில் என்ன தெரிகிறது?" என்றார். பையன்கள் போர்ட் நம்பரைப் பார்த்தார்கள். 443. சாதாரணமாக எந்த வெப்சைட்டைப் பார்த்தாலும் அதுதான் வரும், சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குப் போர்ட் நம்பரில் கண் போகவில்லை. இடது ஓரத்து நேரத்தில் போனது. 11.05, 11.10, 11.15... விடியற்காலை ஐந்து வரை அப்படியே. அனுப்பிய அளவும் ஏறக்குறைய ஒன்றே.

"சார், இது மனுஷன் இல்லை. ராத்திரி பூரா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரே அளவுக்கு எந்த மனுஷனும் எதையும் செய்ய மாட்டான். இது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்" என்றேன்.

வங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: மாதாமாதம் ஐந்தாம் தேதி இந்தக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து அந்த ஆர்.டி.யில் போடு என்று வாடிக்கையாளர் ஒரே ஒரு தடவை எழுதிக்கொடுப்பது. லெட்ஜரைப் புரட்டும்போதே அது கண்ணில் தனியாகத் தெரியும். மனிதர்கள் செலவு செய்வது கோணல்மாணலாக இருக்கும். இயந்திரம் செய்வது கோடு போட்ட மாதிரி இருக்கும்.

வாத்தியார் சிரித்தார். இதற்கு பீக்கனிங் என்று பெயர், உள்ளே புகுந்த நச்சு நிரல் தன் முதலாளிக்கு 'நான் இங்கே இருக்கிறேன், என்ன செய்யணும்?' என்று அவ்வப்போது கேட்பது என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்குள் அடுத்த கேள்வி. "ஆனால் ஆன்டிவைரஸும் இப்படித்தான் புது அப்டேட் இருக்கிறதா என்று கேட்கும். இது எது? இப்போது என்ன செய்வீர்கள்? மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிடுங்குவீர்களா? அது உங்கள் ஏ.டி.எம். சர்வராக இருந்தால்? சம்பள நாளாக இருந்தால்?"

ஒரு நிமிஷம் பதினாலு பேரும் கப்சிப். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் கூடக் காசு கொடுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். வீடியோவில் வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிவிடுவார். இங்கே அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒவ்வொருவராக எழுப்பி, நீங்கள் யாருக்கு முதலில் போன் செய்வீர்கள், எதை எழுதிவைப்பீர்கள், எதைத் தொடாமல் விடுவீர்கள் என்று கேட்டார். அழிந்துபோகக் கூடிய ஆதாரத்தை முதலில் எடு, மெஷினை அவசரப்பட்டு அணைக்காதே, நினைவகத்தில் இருப்பது அணைத்தால் போய்விடும் என்பதெல்லாம் அந்த விசாரணையில்தான் மண்டையில் ஏறியது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. நேரம். ஒரு சம்பவத்தைத் துப்பறிய பத்து மெஷின்களின் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்று இந்திய நேரம் காட்டும், ஒன்று உலகப் பொது நேரம். முன்னதில் விடியற்காலை 2.00 என்றால் பின்னதில் முந்தைய நாள் இரவு 8.30. இதற்கு மேல் ஒரு மெஷினின் கடிகாரம் மூன்று நிமிஷம் பின்தங்கியிருந்தால் கதையே தலைகீழாகிவிடும், திருடன் வருவதற்கு முன்பே கதவு உடைந்த மாதிரி. இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு இதற்காகவே எல்லார் கடிகாரத்தையும் தேசிய தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போகச் சொல்கிறது. சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான். அந்த இயற்பியல் ஆய்வகம் இதே தில்லியில் பூசாவில் இருக்கிறது. இந்தியாவின் நேரத்தை வைத்துக் காப்பது அதன் வேலை. அது இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். அதன் முதல் இயக்குநர், நம்ம வத்திராயிருப்புக்காரர். கரோல் பாக் போய் வரும்போது எத்தனையோ முறை அந்தப் பக்கம் கடந்திருக்கிறேன், என் வேலைக்கும் அதற்கும் ஒரு முடிச்சு இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

இப்போது பிரிண்டருக்கு வருகிறேன். தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற செய்தி அமைப்பைப் பயன்படுத்துகின்றன. பணம் அதில் போகாது. 'உன்னிடம் உள்ள என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்ற உத்தரவு போகும். அப்படி வெளிநாட்டு வங்கியில் நாம் வைத்திருக்கும் கணக்குக்கு நாஸ்ட்ரோ என்று பெயர். 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு, வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95.1 கோடி டாலர். அதற்கு ஒரு வருஷம் முன்பே, வேலை கேட்டு விண்ணப்பிப்பது போன்ற மின்னஞ்சல்கள் வழியாக அந்த வங்கிக்குள் திருடர்கள் நுழைந்திருந்தார்கள். நாள் குறித்த விதம் பாருங்கள். வெள்ளிக்கிழமை டாக்காவில் வார விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் விடுமுறை. நம்மூர் கிளார்க்குகூட லீவு போட இவ்வளவு கச்சிதமாகப் பஞ்சாங்கம் பார்க்க மாட்டார்.

ஸ்விஃப்டில் போகும் வரும் செய்திகளையெல்லாம் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று டாக்காவில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அது வேலை செய்யவில்லை. பிரிண்டர் என்றால் மக்கர் செய்வதுதானே என்று விட்டுவிட்டார்கள். அதைச் செயலிழக்கச் செய்தது திருடர்களின் நிரல். 2 கோடி டாலர் இலங்கைக்குப் போன உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை 'ஃபன்டேஷன்' என்று தப்பாக எழுதியிருந்ததால் இடையிலிருந்த வங்கி கேள்வி கேட்டு, அந்தப் பணம் திரும்பியது. மணிலாவுக்குப் போன 8.1 கோடி டாலர் போனதுதான். பின்னால் அதில் ஒரு பகுதிதான் மீண்டது.

இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும் கதை. வாத்தியாரும் சொன்னார். அவர் சொல்லாத கதை ஒன்று எங்கள் பக்கத்தில் நடந்தது.

கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய வங்கி சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 6 மாலை அதன் ஸ்விஃப்ட் பிரிண்டரும் இதே போல முடங்கியது. மறுநாள் காலை வர வேண்டிய ஒப்புகைச் செய்திகள் வரவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் 7-ஆம் தேதி வழக்கமான ரிகன்சிலியேஷன் செய்தார்கள். அதாவது நாம் அனுப்பியதாக நம் புத்தகம் சொல்வதையும், எடுக்கப்பட்டதாக அந்த நாஸ்ட்ரோ கணக்கு சொல்வதையும் வரிக்கு வரி டிக் அடித்துப் பார்ப்பது. மூன்று வரிகளுக்கு ஜோடி இல்லை. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். உடனே அந்தந்த வங்கிகளைப் பிடித்தார்கள். துபாய்ப் பணமும் துருக்கிப் பணமும் தடுக்கப்பட்டன. இவ்வளவும் அவர்களே பகிரங்கமாகச் சொன்னவை.

கவனியுங்கள். பிடித்தது எந்த அதிநவீன மென்பொருளும் இல்லை. டிக் அடிக்கும் பழக்கம்.

அதே பிப்ரவரியில், ஒரே வாரம் கழித்து, 14-ஆம் தேதி பஞ்சாப் நேஷனல் வங்கி தன் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி நடந்திருப்பதாக அறிவித்தது. அதுவும் ஸ்விஃப்ட் வழியாகத்தான். ஆனால் வெளியிலிருந்து யாரும் எதையும் உடைக்கவில்லை. உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்டில் போயின, வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அதற்கு எந்தப் பதிவும் இல்லை. இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை, இணைத்துப் பார்க்கவும் யாரும் இல்லை. 2011 முதல் அப்படியே ஓடியிருக்கிறது. அது வெளியே வந்த விதம் இன்னும் அழகு. பழைய அதிகாரி ஓய்வு பெற்ற பின் வந்தவரிடம் அந்தக் கம்பெனிக்காரர்கள் புதுக் கடிதம் கேட்டார்கள். அவர் 100 சதவீதம் முன்பணம் கட்டச் சொன்னார். 'இதுவரை கட்டாமலே வாங்கியிருக்கிறோமே' என்றார்கள். அவர் பழைய பதிவைத் தேடிப் பார்த்தார். இல்லை. இதற்குப் பின்தான் 2018 ஏப்ரல் 30-க்குள் எல்லா வங்கிகளும் இரண்டு அமைப்புகளையும் இணைத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது.

கும்பகோணத்தில் ஒரே நாள், மும்பையில் ஏழு வருஷம். இந்த இரண்டையும் நான் கிளாஸில் ஒரு நாள் சொன்னேன். வாத்தியார் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்தப் பரீட்சையின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'அனலிஸ்ட்' என்ற சொல்லுக்கு உங்கள் வங்கியில் என்ன பெயர் என்று கேட்டார். நான், "முன்னாடி டே புக் எழுதி பாலன்ஸ் பண்ணுகிற கிளார்க் என்பார்கள் சார்" என்றேன்.

பி.டெக். பையன்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள். அவர்கள் இரண்டு நிமிஷத்தில் படிக்கும் ஒரு பாக்கெட் கேப்சரை நான் அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருப்பேன். எய்ம்ஸில் 2022 நவம்பர் 23-ல் நடந்ததே, அது போன்றவற்றில் டிக் அடித்துப் பிரயோஜனமில்லை. சர்வர்கள் பூட்டப்பட்டு, இரண்டு வாரத்துக்கு வெளிநோயாளிகள் சீட்டைக் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர்களில் 1.3 டெராபைட் அளவுக்குப் பாதிப்பு, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொன்னது. கவுண்டருக்கும் ஸ்டிராங் ரூமுக்கும் நடுவில் இரும்புக் கதவு வைக்கிறோம் இல்லையா, அந்தக் கதவைக் கட்டத் தெரிந்தவர்கள் அந்தப் பையன்கள்தான். எனக்கு அது கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு முழுக்க முழுக்க இயந்திரங்களைப் பற்றியது. நான் முன்பு இருந்த கிளைக்கு ஒரு நாள் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் வந்து, எல்லா டெபாசிட்டையும் முறித்து ஒரே கணக்குக்கு அனுப்பச் சொன்னார். காதில் போன். கவுண்டரில் இருந்த பெண் "எதுக்கு ஆன்ட்டிஜி?" என்று கேட்டதற்கு, "வீடு வாங்க" என்று சொல்லும்போது குரல் நடுங்கியிருக்கிறது. உள்ளே கூட்டிக்கொண்டு வந்து டீ கொடுத்து போனை வாங்கிப் பார்த்தால், மறுமுனையில் போலீஸ் உடுப்பில் ஒருவன். டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்களே, அது. பணம் போகவில்லை, 1930-க்கு போன் செய்து புகார் பதிந்தோம். எந்த ஃபயர்வாலிலும் அந்த நடுக்கம் பதிவாகாது. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்கு ஒரு குறை.

பரீட்சையைப் பற்றிக் கேட்பீர்கள். நான் எழுதியது 2023-ல் வந்த பதிப்பு. அதிகபட்சம் 85 கேள்விகள், 165 நிமிஷம். மதிப்பெண் 100-இலிருந்து 900 வரை, 750 வாங்கினால் பாஸ். சும்மா டிக் அடிக்கும் கேள்விகள் மட்டும் இல்லை. போலி நெட்வொர்க் ஒன்றைத் திரையில் கொடுத்து, எந்த மெஷின் கெட்டுப்போயிருக்கிறது, கண்டுபிடி என்பார்கள். பாடம் நாலு பகுதி. கண்காணிப்பு 33 சதவீதம், பலவீனங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது 30, சம்பவம் நடந்தால் கையாள்வது 20. மீதி 17 சதவீதம் மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவதும் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்வதும். பையன்கள் எல்லாரும் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கோ பாயசம். இருபது வருஷமாக ஆபீஸ் நோட் எழுதித்தானே வயிறு வளர்க்கிறேன்!

பிப்ரவரியில் எழுதினேன், 771. கிளாஸ் வாட்ஸ்அப் குழுவில் பையன்கள் 'அங்கிள் ராக்ஸ்' என்று போட்டார்கள். அங்கிளை மட்டும் தவிர்த்திருக்கலாம். வங்கி, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பில் அனுப்பி ஆறு வாரமாகிறது, நாமும் வங்கிக்காரர்தானே, புரிகிறது.

ஆபீஸில் இப்போது தினமும் காலை அந்த அறிக்கை வந்ததும் நான் இன்னொரு தாளும் கேட்கிறேன். வந்த எச்சரிக்கைகளின் பட்டியல் இருக்கட்டும், நேற்று வரை பதிவேடு அனுப்பிக்கொண்டிருந்து இன்று மௌனமாகிவிட்ட மெஷின்களின் பட்டியல் எங்கே? மென்பொருளில் அந்த வசதி முன்பே இருந்தது. திரையின் ஒரு மூலையில் சின்னதாக, யாரும் திறந்து பார்க்காமல். "சர்ஜி, எதுவும் வரலேன்னா எதுவும் நடக்கலேன்னுதானே அர்த்தம்?" என்று கட்வால் பையன் கேட்டான். அவனை உட்காரவைத்து டாக்கா, கும்பகோணம் இரண்டையும் சொன்னேன். என் இந்தியில் கதை சொன்னால் எவ்வளவு புரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

முதல் நாள் பட்டியலில் பதினொரு பெயர்கள். ஏழு மெஷின்களைக் கழற்றி எப்போதோ குடோனில் போட்டாயிற்று, பட்டியலிலிருந்து எடுக்கத்தான் ஆள் இல்லை. இரண்டு, இடம் மாறியவை. ஒன்று, கேபிள். பதினொன்றாவது ஏ.டி.எம். வலையோடு சம்பந்தப்பட்ட ஒரு சர்வர். விடியற்காலை 3.40-லிருந்து சத்தமே இல்லை. அன்று இரண்டாம் சனிக்கிழமை. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் 28 நாடுகளில் ஏ.டி.எம். வழியாகப் பணம் உறிஞ்சியதும் ஒரு இரண்டாம் சனிக்கிழமைதான். மொத்த இழப்பு 94 கோடி. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. நெட்வொர்க் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அந்த நேரத்து ஏ.டி.எம். பணப் பட்டுவாடாவையும் கணக்கில் பற்று வைத்ததையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு ரூபாய் வித்தியாசமில்லை.

சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் ரிஜிஸ்டரில் நேரம் போட்டு, "டிஸ்க் நிரம்பியது, பழைய கோப்புகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன, 9.20-க்குப் பதிவேடு மறுபடி வரத் தொடங்கியது, பட்டுவாடா சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, கீழே கையெழுத்து போட்டேன்.